சாந்து காயும் வரை

கோபுரத்தில் நான் வைத்த யாளியைப் பார்த்துத்தான்
மாதா கோயில் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.
நாகலூர் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள், சின்னக் கோயில்.
மடியில் மகனைக் கிடத்திய தாய் வேண்டும்
என்றார் ஃபாதர் சிங்கராயர்.
எத்தனை கை என்று கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.
இரண்டுதான் ஏகாம்பரம், என்றார்,
அன்றைக்கு அவளுக்கு அது போதவில்லை.

சங்ககிரிச் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறிய தண்ணீர்,
வெல்லம், சலித்த ஓடைமணல்.
இருபது வளைவுக்குக் கீழே, சேலத்தில்,
மூன்று நாளில் இறுகிவிடும் சாந்து
மேகம் சன்னல் வழி வந்து பெஞ்சில் உட்காரும் ஊரில்
பத்து நாளானாலும் விரல் வைத்தால் குழியும்.
பொறுமையில்லாதவனுக்கு அங்கே வேலையில்லை.
எனக்கும் பொறுமை கிடையாது.
முன்பணம் வாங்கியிருந்தேன்.

தாய் சீக்கிரம் வந்துவிட்டாள்.
முக்காட்டு மடிப்பில் கரணை தானாக ஓடியது.
மகன்தான் சாகவில்லை.
என் கையில் பிறந்தவர்கள் எல்லாம்
சாமிகள், துவாரபாலகர்கள், பூதகணங்கள்;
மூச்சுப் போன தோள் எப்படித் தொங்கும் என்று
அவர்களில் யாருக்கும் தெரியாது.
கம்பியை வளைத்தேன், படுத்தபடி யோசித்தான்.
மறுபடி வளைத்தேன்,
அனந்தசயனம் ஆகிவிட்டது.

ஒருநாள் பாக்சைட் லாரி டயர் வெடித்து வாசலில் நின்றது.
கிளீனர் சேர்வராயன்,
மலைச்சாமியின் பேரைச் சுமக்கிற பொடியன்,
டயரை மாற்றிவிட்டு என் சாக்குமூட்டை மேல் சாய்ந்தான்.
இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கியாம்.
வாய் சற்றே திறந்து,
கழுத்து தன் பாரத்தைக் கைவிட்டு,
வலது கை தரையைத் தேடித் தொங்க.
நான் எழுப்பவில்லை.
டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை
கண்ணால் அளந்தேன், கையால் அப்பினேன்.

ஒன்பதாம் நாள் வேடியம்மா வந்தாள்.
பழம் பறிக்கும் கூடை இடுப்பிலேயே இருந்தது.
யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.
“உசுரோட இருக்கற புள்ளய
எதுக்குங்க இப்பிடிப் போட்டு வச்சிருக்கீங்க?”

இது ஏசு, என்றேன்.

“ஏசுசாமி இருக்கட்டும். இது எம்பையன்.”

அவள் கண்முன்னே தாடியை அடர்த்தினேன்.
மூக்கை நீட்டினேன்.
விலாவில் ஈட்டிக் குத்தை இன்னும் ஆழமாக்கினேன்.
அவள் அதையெல்லாம் பார்க்கவேயில்லை.
பாதத்தைக் காட்டினாள்.
ஜாக்கி விழுந்து நசுங்கிய சுண்டுவிரல்,
நகமில்லாமல், பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டு.
அதையும் வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.
“பெத்தவளுக்கு மொகம் எதுக்குங்க?” என்றாள்.

ஃபாதரிடம் போகவில்லை. என்னைத் திட்டவுமில்லை.
கூடையை இறக்கிவிட்டு
மாதாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.
இரண்டு பேரும் ஒரே உயரம்.

இன்னும் இறுகாத சாந்து.
முதல்முறையாக அந்தப் பனியை நான் வையவில்லை.
பாதம் முழுவதையும் கரணையால் வழித்தெடுத்தேன்.
வேறு யார் காலை வைப்பது?
செத்த காலுக்குத் தன் காலைக் கடன் கொடுக்க
எந்த ஊரில் எவன் வருவான்?
வேட்டியை மடித்துக்கொண்டு
என் இடது காலை எதிரே நீட்டினேன்.
முப்பது வருடம் சுண்ணாம்பு தின்ற கால்.
குதிகாலில் ஆறு வெடிப்பு,
பெருவிரல் ஓரம் ஆறி ஆறித் திறக்கும் புண்.
ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் குனிந்து, தொடாமல், பார்த்தாள்.
பிறகு என் காலை.
பிறகு என்னை.
“ஒங்க ஊட்டுல ஆரும் கேக்க மாட்டாங்களா?”
கேட்கிறவள் போய்ப் பதினோரு வருஷம், என்றேன்.
மடியிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துச்
சாரப்பலகையில் வைத்துவிட்டுப் போனாள்.
சரியான புளிப்பு.

பெரிய வெள்ளிக்கிழமை நான் கீழே இருந்தேன்,
குகையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சுவர்ப்பூச்சு.
ஃபாதர் போன் செய்தார்.
ஊரே வரிசையில் நின்று பாதத்தை முத்தி செய்கிறது ஏகாம்பரம்,
அந்த வெடிப்பெல்லாம், அடடா, அவ்வளவு தத்ரூபம்.
சரிங்க ஃபாதர், என்று வைத்துவிட்டேன்.
கலவை காய்வதற்குள் பூசவேண்டும்,
இங்கே வெயில்.
சாயங்காலம் வரை
இடது குதிகால் கூசிக்கொண்டே இருந்தது.